'ஆஸ்' என்றால் முட்டாய், 'டு' என்றால் சீட்டு

ஓய்வு பெறும்வரை நான் கம்பெனி சர்க்குலர் எழுதிய மேசையில் இப்போது உங்களில் யார் உட்காருகிறீர்களோ தெரியாது. அதன் இடது இழுப்பறை இழுத்தால் வராது. முழங்காலால் ஒரு தட்டுத் தட்டினால் தானாக நாக்கை நீட்டும். அலுவலக ரகசியம் என்று ஒப்படைக்க என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கதை.

போன வாரம் உங்களில் ஒருவர் ஃபோனில் கேட்டீர்கள். "ஸ்டெல்லா மேடம், புரமோட்டட் ஆஸ் மேனேஜருங்களா, புரமோட்டட் டு மேனேஜருங்களா? கம்ப்யூட்டர் ரெண்டுக்குமே கோடு போட மாட்டேங்குது." நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "டு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பதில் சரிதான், ஆனால் பாதிதான். மிச்சப் பாதியை நினைத்துச் சிரித்தபடி, கண்ணில் தண்ணீர் வழிய, ஒரு படி வெங்காயத்தையும் உரித்து முடித்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் சத்தமில்லாமல் திரும்பிப் போனார். அந்த மிச்சத்தைத்தான் இப்போது எழுதுகிறேன்.

விதியை முதலில் முடித்துவிடுவோம். 'டு' என்றால் அடுத்து வருவது போய்ச் சேரும் படி. 'ஃப்ரம்' என்றால் கிளம்பிய படி. 'ஆஸ்' என்றால் அந்த ஆள் என்னவாக வேலை பார்க்கிறார் என்பது. வேலைக்குச் சேர்க்கும்போது 'ஆஸ்' போடலாம், வேலை பார்க்கும்போதும் போடலாம். ஏறும்போது 'டு'. அவ்வளவுதான்.

பிறகு ஏன் நம் கை 'ஆஸ்' பக்கமே போகிறது? தமிழ்தான் காரணம். நாம் 'மேலாளராக உயர்ந்தார்' என்கிறோம். அந்த 'ஆக' விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்து, ஆங்கிலத்தில் தன் சாடையில் யாராவது இருக்கிறார்களா என்று தேடி, 'ஆஸ்' வீட்டு வாசலில் இறங்கிவிடுகிறது. சரி, 'டு' இருக்கிறதே என்று தமிழில் 'மேலாளருக்கு உயர்வு' என்று எழுதிப் பாருங்கள். ஏற்கெனவே மேலாளராக இருப்பவர் இன்னும் மேலே போய்விடுவார், நம் ஆள் நின்ற இடத்தில் நிற்பார். ஆக, 'ஆஸ்' போடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அது அறியாமை இல்லை, உறவுப் பாசம்.

இதுவரை சொன்னது எந்த இலக்கணப் புத்தகத்திலும் கிடைக்கும். புத்தகத்தில் கிடைக்காதது அன்னூர் பஸ்ஸில் இருக்கிறது.

நம் கம்பெனி பஸ்களிலேயே கிழடு அதுதான். அன்னூரில் கிளம்பி, சத்தி ரோட்டில் ஒவ்வொரு ஊராக ஆளை அள்ளிக்கொண்டு, கணபதியில் நம் பம்பு ஃபேக்டரி வாசலில் பெருமூச்சு விட்டு நிற்கும். நான் கோவில்பாளையத்தில் ஏறுவேன். யார் எங்கே உட்கார வேண்டும் என்று அதில் எங்கும் எழுதியிருக்காது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். டிரைவர் காதர் பாய்க்குப் பின்னால் இருக்கும் முதல் வரிசை இரண்டு சீட்டும் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு. அதற்குப் பின்னால் மேனேஜர்கள். பிறகு படிப்படியாக இறங்கிக்கொண்டே போய், கடைசி வரிசையில் பயிற்சிக்கு வந்தவர்கள் குலுங்கிக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்குப் பதவி உயர்வு வந்தால், அடுத்த நாள் காலை மைசூர்பாப் பெட்டியோடு பஸ் ஏறுவார். நம் ஊரில் மைசூர்பாவும் முட்டாய்தான். முன் வரிசையில் இருப்பவர் நகர்ந்துகொண்டு, "வாங்க வாங்க, உக்காருங்க" என்பார். அந்த 'உக்காருங்க'தான் உண்மையான பதவி உயர்வு. அது வராமல் யாரும் தானாகப் போய் உட்கார மாட்டார்கள். சர்க்குலர் வந்தும் 'உக்காருங்க' வராதவர்கள் உண்டு. முட்டாயை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, காலிப் பெட்டியோடு பழைய சீட்டுக்கே நடப்பார்கள். அந்த நடையை நான் பார்த்திருக்கிறேன். பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னோக்கி நடப்பவரின் நடை அது.

தங்கமணி அப்படி இரண்டு தடவை நடந்தவள்.

தங்கமணி பம்புகளைச் சோதிக்கும் டெஸ்டிங் பிரிவில் இருந்தாள். அவளும் கோவில்பாளையத்தில்தான் ஏறுவாள். நாற்பதைத் தொட்டவள், நீண்ட காலடி, அதைவிட நீண்ட நாக்கு. அந்தப் பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றுப் போனபின் அவர் வேலை முழுவதையும் அவள்தான் பார்த்தாள். கம்பெனி அவளுக்கு முதலில் ஒரு பெயர் கொடுத்தது, பிறகு அதைவிட நீளமான இன்னொரு பெயர் கொடுத்தது. இரண்டு சர்க்குலரிலும் 'புரமோட்டட் ஆஸ்'. இரண்டு தடவையும் முட்டாய். இரண்டு தடவையும் ஆறாவது வரிசை.

முதல் வரிசையில் ஓய்வு பெற்றவரின் சீட்டு காலியாகத்தான் இருந்தது. இல்லை, தவறு. அதில் ஒரு தூக்குப்போசி உட்கார்ந்திருந்தது. பக்கத்து ஜன்னல் சீட்டுக்காரர், சரக்கு அனுப்பும் டிஸ்பேட்ச் பிரிவின் தலைவர் சென்னியப்பன், தன் சாப்பாட்டுத் தூக்கை அங்கே வைத்துக்கொண்டு வருவார். எவர்சில்வர் போசி, மூடி மேல் வாழைக்காய் பஜ்ஜிப் பொட்டலம். மேடு பள்ளத்தில் குலுங்கும்போது எல்லோரையும் பார்த்துத் தலையாட்டும். இந்த பஸ்ஸில் தங்கமணிக்குக் கிடைக்காத மரியாதை அந்தப் போசிக்குக் கிடைத்தது.

ஒரு புதன்கிழமை காலை, பஸ்ஸுக்கு நிற்கும்போது தங்கமணி என் பக்கத்தில் வந்தாள்.

"மேடம், மறுபடியும் எம் பேரு அடிபடுதாமா?"

"உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"முதலாளி ரூமுக்கு டீ போகுதுங்களே. வர்றப்ப சும்மாவா வருது? நாயம் பேச்சோட தான வருது." குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு தடவ முட்டாய் குடுத்துட்டனுங்க. மூணாவது தடவ போனா கடைக்காரரே பாவம் பார்த்துக் காசு வேண்டாம்பாரு. இந்தத் தடவயும் வெறும் பேருதான்னா நான் வேலய உட்டு நின்னுக்கறேன். அரசூருல ஒரு கம்பெனில கூப்பிட்டிருக்கறாங்க. சனிக்கெழமை பதில் சொல்லோணும்."

"போகோணும்னு இருக்குதா?"

"அதெல்லாம் இல்லீங்க. ஆனா நான் ஒட்டுற செவப்பு ஸ்டிக்கர இன்னொருத்தரு பிச்சுப்போட்டா, நான் எதுக்குங்க ஒட்டறது?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய தலைவர் போனபின் டெஸ்டிங்கை டிஸ்பேட்சுக்குக் கீழே சேர்த்திருந்தார்கள். பம்பு சரியில்லை என்றால் தங்கமணி அதில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். லாரி வந்து நின்றுவிட்டால் சென்னியப்பன் வந்து, "இதுல என்னங்க கொறச்சல், தாட்டியுடுங்க" என்று ஸ்டிக்கரைப் பிய்த்து லோடை அனுப்பிவிடுவார். கெட்டவர் இல்லை. யார் வீட்டு விசேஷமானாலும் பந்தியில் இலை எடுக்கும்வரை நிற்கும் மனிதர். ஆனால் நிற்கும் லாரியைப் பார்த்தால் அவருக்கு நெஞ்சு படபடக்கும். பிறகு உடுமலையிலிருந்து தென்னந்தோப்புக்காரர் ஒருவர் தங்கமணிக்கு ஃபோன் செய்வார். "ஏனுங்க அம்மணி, டெஸ்ட் அட்டைல உங்க பேருதானுங்களே போட்டிருக்குது? போர்ல எறக்குன மோட்டார மறுக்காத் தூக்கச் சொல்றீங்களே, நாயமுங்களா?" ஒட்டியவள் பெயர் அட்டையில் இருந்தது. பிய்த்தவர் பெயர் எங்கும் இல்லை.

"நான் ஒட்டுனது ஒட்டுனபடி இருக்கோணும். அவ்வளவுதானுங்க எனக்குப் புரமோசன்" என்றாள் தங்கமணி. பஸ் வந்தது. போசி எங்களைப் பார்த்துத் தலையாட்டியது.

அன்று மதியமே முதலாளியின் வாசகம் என் கணினிக்கு வந்து சேர்ந்தது. தங்கமணி, ஹெட், டெஸ்டிங். நடுவில் அதே பழைய 'ஆஸ்'. வழக்கமாக என்றால் நானே 'டு' என்று திருத்திவிட்டு, காப்பி குடிக்கப் போயிருப்பேன். அன்று கை நகரவில்லை. திருத்தினால் வாக்கியம் சரியாகிவிடும், தங்கமணி ஆறாவது வரிசையிலேயே இருப்பாள். பொய்யான செய்தியைச் சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னவள் என்ற பெயர் எனக்கு மிஞ்சும். எழுந்து முதலாளி அறைக்குப் போனேன்.

முதலாளி என்னைவிடச் சின்னவர். எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார், நாற்காலியைக்கூட ஒருநாள் 'வாங்க' என்று சொல்லி இழுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

"ஏனுங்க மேடம், ஒரு சர்க்குலருக்கு நேர்லயே வந்துட்டீங்க?"

"ஒரே ஒரு வார்த்தைங்க சார். 'ஆஸ்'ங்கறத 'டு'ன்னு மாத்திக்கட்டுங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

"ஒண்ணுதான்னா மாத்திரலாமுங்களே."

பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "மாத்துனா என்னாகும்?"

"டெஸ்டிங் தனியா வந்துருமுங்க. தங்கமணி நேரா உங்ககிட்டத்தான் பேசுவாங்க. அவங்க ஒட்டுன ஸ்டிக்கர அவங்களத் தவிர யாரும் பிய்க்க முடியாதுங்க."

"இவ்வளவும் அந்தச் சின்ன வார்த்தைல இருக்குதுங்களா?"

"இங்கிலீசுல இல்லீங்க சார். நம்ம கம்பெனில இருக்குது."

சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து உள்ளே வைத்தார். "சென்னியப்பன் மாமா கோவிச்சுக்குவாருங்க மேடம். எங்க கல்யாணத்துல பந்தக்கால் நட்டதுல இருந்து கடைசி ஒறம்பரைச் சனத்த பஸ் ஏத்துனது வரைக்கும் அவருதான். அவருகிட்ட இருந்து எப்படிங்க ஒரு டிபார்ட்மெண்டப் புடுங்கறது?" பேனாவை மேசையில் வைத்தார். "அவரு சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், எனக்குச் சரி. இல்லீன்னா 'ஆஸ்'னே இருக்கட்டுமுங்க. எப்படியும் நாளைக்குச் சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்புல வந்தரோணும்."

நான் சென்னியப்பனிடம் வெறுங்கையோடு போகவில்லை. வாக்கியத்தை மாற்றி, 'திரு. சென்னியப்பன் அவர்களின் பரிந்துரையின் பேரில்' என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, அவர் பெயரை முதல் வரியில் பட்டு உடுத்தி உட்கார வைத்து, கடைசியில் யாருக்கும் தெரியாத மாதிரி ஒரு 'டு'வை ஒளித்து வைத்திருந்தேன். பணிக்காலம் முழுவதும் பிறர் பெருமையை எழுதியே பிழைத்தவளுக்கு இது கைவந்த வேலை.

லாரி ஏற்றும் மேடையில் நின்றபடியே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"எம் பேரு மொதல்ல வருதுங்களா? நல்லாருக்குதுங்க மேடம்."

"சந்தோசமுங்க சார்."

"ஆனா கடேசில இந்த 'டு' எதுக்குங்க? எப்பவும் 'ஆஸ்'தானுங்களே வரும்?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்றேன், முதலாளியிடம் கடன் வாங்கி.

"யாருகிட்டங்க?" கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "எத்தன சர்க்குலர் பார்த்திருப்பேன் நானு. 'ஆஸ்'னா முட்டாயோட முடிஞ்சிருமுங்க. 'டு'ன்னா அடுத்த நாளு சீட்டுக் கேப்பாங்க."

முன்னிடைச்சொல்லுக்கு இதைவிடச் சுத்தமான விளக்கத்தை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. மனிதர் என் காகிதத்தை மரியாதையாக மடித்து, இரண்டு கையாலும் நீட்டினார். "எம் பேரு இருக்கட்டும். 'ஆஸ்' போட்டுக்குங்க. வரட்டுங்களா?"

அடுத்த நாள் சாயங்காலம் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருக்கும்போதே முதலாளி ஃபோன் செய்தார். "இன்னும் வரலீங்களே மேடம்?" வீட்டுக்குப் போய்ப் போட்டுவிடுகிறேன் என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இப்படி ஒரு சாயங்காலம் உங்களுக்கும் வரும். 'ஆஸ்' போட்டால் தங்கமணி போய்விடுவாள். 'டு' போட்டால் முதலாளியின் சொல்லை மீறுவேன், அதுவும் காகிதத்தில் மட்டும். காலையில் பஸ்ஸில் போசி அங்கேயேதான் இருக்கும். போடாமலே விட்டால் வேலையைச் செய்யாதவள் ஆவேன். மூன்று வழியிலும் முள். அன்று பங்குக் கோயிலில் பாடகர் குழுப் பயிற்சி. ஆல்டோ வரிசையில் நின்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன், பாட்டு வரவில்லை. நடுவில் எங்கள் பயிற்சியாளர் கையை உயர்த்தி ஒரு இடைவெளி விட்டார். ஆர்மோனியம்கூட ஓய்ந்தது. அந்த ஒரு நொடியில் கோயிலே அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த சுரம் என்ன என்று சுவரில் இருந்த பல்லிக்குக்கூட ஆவல்.

வெளியே வந்து, செருப்பைப் போடுவதற்கு முன்பே, குரூப்பில் சர்க்குலரைப் போட்டேன். தங்கமணி பெயர் இருந்தது. புரமோட்டட் என்பது இருந்தது. ஹெட், டெஸ்டிங் இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய சொல் இருக்கும் இடத்தில் ஒரு நீளக் கோடு.

ஃபோன் கையில் துள்ள ஆரம்பித்தது.

"மேடம், கோடிட்ட இடத்தை நிரப்புகங்களா? எத்தன மார்க்குங்க?" என்றது மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ஒயிண்டிங் பிரிவு.

"'ஆஸ்' போடுங்க, வாயும் இனிக்கும், சீட்டும் தப்பிக்கும்" என்றார் ஒருவர்.

"'அண்டர்'னு போடுங்க, அதுதானுங்க இப்ப நடக்குது" என்றாள் ஒயிண்டிங்கில் இருக்கும் மரகதம். அதற்கு விழுந்த சிரிப்புப் பொம்மைகள் திரை நிரம்பி வழிந்தன.

"முட்டாய் உண்டா இல்லியா, அத மொதல்ல சொல்லுங்க. நாளைக்குச் சக்கரை போடாம டீ வெக்கறதா வேண்டாமான்னு தெரியோணும்" என்றார் கேண்டீன் மாஸ்டர்.

சென்னியப்பன் ஒன்றும் எழுதவில்லை. ஒரே ஒரு கும்பிடு பொம்மை போட்டார். எங்கள் பக்கத்தில் அதற்கு வரவேற்பு, நன்றி, போதும், பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லா அர்த்தமும் உண்டு.

முதலாளி அழைத்தார். "மேடம், நடுவுல ஒரு வார்த்தை உட்டுப்போச்சுங்க."

"உட்டுப்போகலீங்க சார், உட்டு வெச்சிருக்கேன். சென்னியப்பன் சார் இன்னும் சரின்னு சொல்லலீங்க. நாளைக்குக் காலைல பஸ்ஸு வந்து சேரட்டும். என்ன நடந்துச்சோ அத எழுதிக்கலாமுங்க."

அந்தப் பக்கம் ஒரு மூக்குச் சிரிப்பு. "நடக்கலீன்னா 'ஆஸ்'ங்க."

"நடக்கலீன்னா 'ஆஸ்'ங்க சார்."

அடுத்து தங்கமணி. கோபத்தில் 'ங்க' பாதி உதிர்ந்திருந்தது. "எம் பொழப்பப் பரீட்சப் பேப்பர் ஆக்கிப்போட்டீங்களே மேடம்! நாளைக்கு முட்டாய் வாங்கறதா, வேண்டாமா?"

"வாங்கிட்டு வாங்க. ஆனா யாருக்கும் குடுக்காதீங்க."

"அப்பறம்?"

"முன்சீட்டுக்குப் பக்கத்துல நில்லுங்க. சீட்டுக் கேக்காதீங்க. போசியப் பார்க்காதீங்க. சும்மா நில்லுங்க."

"நின்னு?"

"நம்மூருல நிக்கறவங்கள எவ்வளவு நேரமுங்க பார்த்துட்டு இருக்க முடியும்?"

"மரகதத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெக்கறனுங்க" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை. கோவில்பாளையத்தில் நானும் தங்கமணியும் ஏறினோம். பஸ் அப்படி ஒரு அமைதியில் இருந்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. முதல் வரிசையில் சென்னியப்பன், பக்கத்தில் போசி. நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். தங்கமணி மைசூர்பாப் பெட்டியை மார்போடு அணைத்து, முதல் வரிசைக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்து நின்றாள்.

வண்டி நகரவில்லை. காதர் பாய் கண்ணாடியில் பார்த்தார். "எல்லாரும் உக்காந்துட்டா எடுத்தர்லாமுங்க." அது அவருடைய பழைய சட்டம், யாருக்காகவும் தளர்த்த மாட்டார். அன்று அவர் குரலில் கொஞ்சம் தேன் கூடியிருந்தது.

சென்னியப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே ஒரு பேக்கரி, ஒரு ஆடு, ஒரு கட்சிக்கொடிக் கம்பம். மூன்றையும் அவர் அவ்வளவு அக்கறையாக முன்பு பார்த்திருக்க மாட்டார்.

"பின்னால எடமில்லீங்களா அம்மணி?" என்றார், ஆட்டிடம் கேட்பது போல.

எல்லோரும் பின்னால் திரும்பினோம். ஆறாவது வரிசையில் தங்கமணியின் பழைய சீட்டில் ஒரு தூக்குப்போசி. அதற்கு எதிரில் இன்னொன்று. அதற்குப் பின்னால் ஒரு பித்தளைப் போசி, கழுத்தில் துண்டு கட்டியது. காலியாக இருந்த ஒவ்வொரு சீட்டிலும் ஒரு போசி, நிமிர்ந்து, மூடி பளபளக்க. மரகதம் எழுந்து நின்று அறிவித்தாள்.

"எங்க போசிக்கெல்லாம் புரமோசன் குடுத்துட்டாங்க சார். எந்திரிக்கவே மாட்டேங்குது!"

பஸ் வெடித்தது. காதர் பாய் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார், அவர் தோள் மட்டும் குலுங்கியது. பின்னால் ஒரு டவுன்பஸ் ஹாரன் அடித்தது.

தங்கமணி சிரிக்கவில்லை, கேட்கவில்லை, போசியைப் பார்க்கவில்லை. நின்றாள். மரியாதையாக நின்றாள். அதுதான் அவரைக் கொன்றது. முறைத்திருந்தால் முறைத்திருப்பார், கேட்டிருந்தால் மறுத்திருப்பார். தன் எதிரில் முட்டாய்ப் பெட்டியோடு ஒரு பெண் சும்மா நிற்கிறாள், தான் உட்கார்ந்திருக்கிறோம், பக்கத்தில் சாப்பாடு உட்கார்ந்திருக்கிறது. விசேஷ வீட்டில் கடைசி ஆளுக்கும் இலை போட்டபின் சாப்பிடும் மனிதர் அவர். கழுத்தைத் துடைத்தார். ஒருமுறை உட்கார்ந்த இடத்திலேயே நெளிந்தார். பிறகு அவர் அனுமதி இல்லாமலே, பரம்பரையாகத் தொண்டையில் குடியிருந்த அந்தச் சொல் வெளியே வந்து விழுந்தது.

"உக்காருங்க அம்மணி."

பஸ் மூச்சு விடுவதற்குள் அவர் சுதாரித்துக்கொண்டார். "போசிய மடில வெச்சுக்குங்க."

இதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவள் அந்தப் போசியை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தால், இனி எந்தச் சொல்லைப் போட்டாலும் அவள் அவருடைய சாப்பாட்டைச் சுமப்பவள்தான். மரகதத்தின் சிரிப்புகூட நின்றுவிட்டது.

தங்கமணி குனிந்து போசியைத் தூக்கினாள். லேசாக ஆட்டிப் பார்த்தாள்.

"ரசமுங்களா சார்? தளும்புதுங்க. எங்கிட்ட இருந்தாச் சிந்திப்போடும். உங்க மடில இருந்தாத்தான் பத்தரம்."

இரண்டு கையாலும், குழந்தையை அப்பாவிடம் கொடுப்பது போல, அதை அவர் மடியில் வைத்தாள். உட்கார்ந்தாள். பெட்டியைத் திறந்து முதல் துண்டை அவரிடம் நீட்டினாள். "மொதல்ல நீங்க எடுத்துக்குங்க சார்." ஒரு கையால் போசியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவர் எடுத்தார். காதர் பாய் வண்டியை எடுத்தார். அந்தக் கிழட்டு பஸ் அவ்வளவு இளமையாகச் சத்தி ரோட்டில் அதற்கு முன் ஓடியதில்லை.

ஃபேக்டரி வந்ததும் முதலாளி என்னை அறைக்கு அழைத்து, ஸ்பீக்கரில் ஃபோன் போட்டார்.

"மாமா, என்னங்க முடிவு?"

"உக்காரச் சொல்லிப்போட்டனுங்க மாப்ள" என்றது சென்னியப்பனின் குரல், முட்டாய் இன்னும் கடைவாயில் இருந்தது. "சொன்னதுக்கப்பறம் எந்திரிங்கன்னா சொல்லுவாங்க?"

முதலாளி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். டெஸ்டிங் இனி தனிப் பிரிவு, தங்கமணி நேராகத் தன்னிடம் வரட்டும் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை வாங்கிக்கொண்டபின்தான் என் மேசைக்குப் போய், கோட்டை அழித்துவிட்டு 'டு' என்று தட்டினேன்.

ஆகவே, கண்ணுகளா, உங்கள் கை 'ஆஸ்' என்று தட்டும்போது திருத்துங்கள், தவறில்லை. ஆனால் திருத்திவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து ஒரு நடை போய்ப் பாருங்கள். அந்த ஆள் போய்ச் சேர ஒரு இடம் இருக்கிறதா, அந்த இடத்தில் யாருடைய போசி உட்கார்ந்திருக்கிறது? இடம் இல்லாத ஊருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்காதீர்கள். எதைப் போடுவது என்று தெரியாவிட்டால் கொஞ்ச நேரம் கோடு போட்டு வையுங்கள். கோட்டைப் பார்த்தால் நம் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்காது.

அன்று மதியம் சர்க்குலரின் அச்சுப் பிரதியை ஒட்டுவதற்காக டெஸ்டிங் பிரிவுக்குப் போனேன். தங்கமணி ஃபோனில் இருந்தாள். "இல்லீங்க, அரசூருக்கு வரலீங்க. கூப்பிட்டதுக்கு ரொம்ப சந்தோசமுங்க. இங்கயே எடம் கெடச்சிருச்சு." அவள் வைப்பதற்கும் சென்னியப்பன் நுழைவதற்கும் சரியாக இருந்தது. வெளியே ஒரு லாரி நின்றது. உள்ளே வரிசையாக நின்ற பம்புகளின் நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கர்.

தங்கமணி எழுந்தாள். பக்கத்து ஸ்டூலில் இருந்த தன் போசியை எடுத்துக் கீழே வைத்தாள். "வாங்க சார், உக்காருங்க."

உட்கார்ந்தார். டீ வரவழைத்தாள். கொடுமுடியில் பேத்திக்குக் காது குத்து எப்போது, கெடா வெட்டு உண்டா, எத்தனை பேர் வருவார்கள் என்று விசாரித்தாள். அவர் மகிழ்ச்சியாகச் சொல்லி முடித்துவிட்டு, மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"அந்த லோடு..."

"அது போகாதுங்க சார்."

"லாரி நிக்குதுங்களே அம்மணி."

"நிக்கட்டுமுங்க. டீ ஆறுதுங்க, குடிங்க."

குடித்தார். டம்ளரை வைத்தார். ஸ்டிக்கர்களை ஒருமுறை பார்த்தார், தன் விரல் நகத்தை ஒருமுறை பார்த்தார். எழுந்து வெளியே வந்தவர், சுவரில் நான் ஒட்டிக்கொண்டிருந்த சர்க்குலரின் முன் நின்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஒரு விரலால் வரியைத் தடவிக்கொண்டே போய் நடுவில் நிறுத்தினார்.

"இதானுங்களா அந்த 'டு'?"

"அதானுங்க சார்."

"கொஞ்சம் பெருசாப் போட்டிருக்கலாமுங்க மேடம்" என்றார். "கண்ணுக்குத் தெரியாமப் போயி உள்ள உக்காந்துட்டேன்."